நான் ஆட்டிய துண்டு

திண்டிவனம் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே என் மாட்டு வண்டி நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் மரக்காணத்துக்குத் தெற்கே இருந்த ஒரு மீனவர் குப்பத்துக்குப் போய்க் கருவாடு ஏற்றிக்கொண்டு வருவேன். மற்ற நாட்களில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, வைக்கோல், எது கிடைக்கிறதோ அது. எதை ஏற்றினாலும் வண்டியில் கருவாட்டு வாசனைதான் அடிக்கும். என் மேலும் அதேதான். கல்யாணமான புதிதில் என் பெண்டாட்டி மூன்று நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினாள். நான் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டு தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

என் படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் மத்தியானம் வரைக்கும். அன்று மத்தியானம் வாத்தியார் எப்படி நடப்பார் என்று வகுப்பில் நடந்து காட்டினேன். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் வாத்தியார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். அரிசிக்கு எங்கும் தட்டுப்பாடு, நாங்கள் கேப்பைக் கூழில் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். மெட்ராஸிலிருந்து வந்த ரயிலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். ஒருவன் நெட்டை, சோளக்கொண்டை நிறத்தில் தாடி. இன்னொருவன் குட்டை, முகமெல்லாம் வெயிலில் உரிந்து, வேகவைத்த சர்க்கரைவள்ளி மாதிரி இருந்தான். அவர்களோடு கம்பளியில் சுற்றிக் கயிறு கட்டிய இரண்டு நீளப் பலகைகளும் இறங்கின. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும்.

மரக்காணம் போகும் பஸ்ஸில் பலகைகளை ஏற்றப் பார்த்தார்கள். கண்டக்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பாடையெல்லாம் பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று விசில் ஊதிவிட்டார். பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் புழுதியில் நின்றார்கள். நான் போய் நின்றேன்.

எனக்கு ஏழு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். அதில் மூன்று, ஸ்டேஷனில் பெரிய ஆபீசர் ஒருவர் என்னைத் திட்டும்போது கற்றுக்கொண்டவை, சபையில் சொல்ல முடியாது. மீதி நாலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பாதியில் மாட்டிக்கொண்டதும் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா வந்து மொழிபெயர்த்தார்.

“அலைக்காக வந்திருக்காங்களாம்பா. அந்தப் பலகை மேல நின்னுக்கினு அலையில சறுக்கிக்கினு வருவாங்களாம்.”

“எதுக்கு சார்?”

“எதுக்குன்னா... சும்மாத்தான்.”

கப்பல் ஏறி, ரயில் ஏறி, இவ்வளவு தூரம் சும்மா வந்திருக்கிறார்கள். வெயில் அடிக்கிற நாடாகப் பார்த்து, ஏழை நாடாகப் பார்த்துக் கடற்கரை கடற்கரையாகப் போவார்களாம். அங்கேதான் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், எவனும் எதையும் கேட்க மாட்டான் என்று குமாஸ்தா விளக்கினார். நம்ம ஊருக்கு இரண்டு தகுதியும் இருந்தது. பலகைகளை வண்டியில் ஏற்றினேன். பின்பக்கம் வண்டிக்கு வெளியே அரைவாசி நீட்டிக்கொண்டு நின்றன.

வழியில் ஒரு கடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினேன். கடைக்காரர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, யாருங்க தவறிட்டாங்க என்று கேட்டார். ஒருத்தர் என் மாமியார், இன்னொருத்தர் யாரென்று இவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்களும் சந்தோஷமாகத் திருப்பிக் கும்பிட்டார்கள். கப்பியாம்புலியூர் சந்தையில் ஒரு மாடு வாங்கியதற்குப் பிறகு நான் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான். அந்த மாடு வாங்கிய மூன்றாம் நாள் படுத்துவிட்டது, அது வேறு கதை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நேராக நான் போனது மேட்டுக்காரர் வீட்டுக்கு.

மேட்டுக்காரர் யார் என்று சொல்ல வேண்டும். குப்பத்துக்குத் தெற்கே கரையோரம் நீளமாக ஒரு மணல் மேடு. காலையில் பெரிய வலை போடும்போது அவர் அதன் மேல் நிற்பார். படகு வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகும். வலையின் ஒரு கயிறு கரையில் இருக்கும். படகில் இருக்கிறவர்களுக்கு மீன் கூட்டம் கண்ணில் படாது. உயரத்தில் நிற்கிறவனுக்குத்தான் தண்ணீர் ஓர் இடத்தில் கறுத்து நகர்வது தெரியும். மேட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கூட்டம் வாகான இடத்துக்கு வந்ததும் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்து வீசுவார். வடக்கே வீசினால் வடக்கே, தெற்கே வீசினால் தெற்கே. படகு அந்தப் பக்கமாக வளைந்து வலையை இறக்கிக்கொண்டே கரைக்கு வரும். அப்புறம் குப்பமே சேர்ந்து இரண்டு பக்கமும் இழுக்கும்.

அவருக்கு வாலிபத்தில் திருக்கை மீனின் முள் குத்தி வலது கால் சூம்பிப்போய்விட்டது. கட்டுமரம் ஏற முடியாது, துடுப்புப் போட முடியாது, மணலில் கால் ஊன்றிக் கயிறுகூட இழுக்க முடியாது. அந்தக் குப்பத்தில் கடலுக்குப் போகாத ஆம்பளைக்குப் பங்கும் கிடையாது, பஞ்சாயத்தில் பேச்சும் கிடையாது. ஆனால் கண் இருந்தது. எட்டு வருஷம் பழைய மேட்டுக்காரர் பக்கத்தில் சும்மா நின்று பார்த்துப் பழகி, அவர் செத்த பிறகு அம்மன் கோயில் முன்னால் ஊர்த் தலைவர் கையால் அந்தச் சிவப்புத் துண்டை வாங்கினார். அதிலிருந்து ஊருக்குள் அவரும் ஒரு ஆள். மேடு போனால் அவருக்கு எதுவும் இல்லை. இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவர் வீட்டுத் தின்பண்டத்தைத் தின்றவன் நான்.

இன்னொன்றும் தெரியும். படகு வலையோடு கடலில் இருக்கும்போது கரையில் எவனும் கையில் துணி எடுக்கக் கூடாது. வேர்த்தால் கையால் துடைத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் புடவை காயப்போடுவதுகூடக் குப்பத்துக்கு மேற்கே, கடல் பார்க்காத பக்கம்தான். வேலைக்கு வந்த வெளியூர் ஆள் ஒருவன் ஒருமுறை துண்டை உதறியபோது, அவனை முதலில் திட்டியது நான்தான். அவ்வளவு விவரமானவன்.

வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு மேட்டுக்காரர் தலைவரிடம் போய்க் கேட்டார். தலைவர் யோசித்துவிட்டு, வலைக் கொட்டகையில் தங்கட்டும், வலை போடுகிற இடத்துக்குத் தெற்கே குளித்துக்கொள்ளட்டும், நம் வழக்கத்தை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள் என்றார். தவறு நடந்தால் நான் பொறுப்பு என்று மேட்டுக்காரர் சொன்னார். சொல்லிவைக்கும் வேலை எனக்கு வந்தது. என் ஏழு வார்த்தையில் துணியும் இல்லை, வலையும் இல்லை. கையால் ஏதோ ஆட்டிக் காட்டி, கடைசியில் ஓகே என்றேன். அவர்களும் ஓகே என்றார்கள். வேலை முடிந்தது என்று வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மன் நாள், வலை போட மாட்டார்கள். குப்பமே கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கம்பளியைப் பிரித்ததும் பலகை வெள்ளையாகப் பளபளவென்று இருந்தது. ஒரு கிழவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்றாள். இரண்டு பேரும் பலகை மேல் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அலை வரும்போது திரும்பி, சட்டென்று எழுந்து நின்று, கையை விரித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டன. நானும் போட்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கட்டுமரக்காரர் பீடியை இழுத்துக்கொண்டே சொன்னார். “நாங்க தெனமும் இப்படித்தான்யா கரைக்கு வர்றோம். மூணு கட்டைய கட்டிக்கினு, மேல மீனையும் வச்சிக்கினு. எங்கள பாக்க எவனாவது கப்பலேறி வந்தானா?”

மத்தியானம் நெட்டையன் என்னையும் பலகை மேல் ஏற்றினான். நின்றேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான்கு காலில் நின்றேன். மாடு மாதிரி. அதுவும் ஒரு மூச்சு நேரம். பிறகு பலகை ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போக, என் வேட்டி மூன்றாவது பக்கம் போனது. பெண்கள் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். மேட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் படுத்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த கடைசி நாள் அது.

சாயங்காலம், கரையில் கூட்டம் கலைந்த பிறகு, நெட்டையன் எனக்கு ஒரு வேலை கொடுத்தான். தண்ணீரில் கிடக்கும்போது பெரிய அலை வருவது தூரத்திலேயே தெரிவதில்லை. உயரத்தில் நின்றால் கடல் வரிவரியாக எழும்பி வருவது முன்கூட்டியே தெரியும். அதனால் என்னை மேட்டின் தெற்குச் சரிவில் நிறுத்தி, பெரிய வரி தெரிந்தால் துண்டை ஆட்டு என்று ஜாடையில் சொன்னான். ஆட்டினேன். அவர்கள் பலகையைத் திருப்பித் தயாராக இருந்தார்கள். அன்றைய பெரிய அலையில் இரண்டு பேரும் சேர்ந்து சறுக்கிக்கொண்டு வந்து, கரையில் குதித்து ஓடிவந்து, என் முதுகில் தட்டினார்கள். பிறந்ததிலிருந்து நான் சொன்னதை மாடுகூடக் கேட்டதில்லை. இரண்டு வெள்ளைக்காரர்கள் கேட்டார்கள். தலையில் கொம்பு முளைத்துவிட்டது எனக்கு.

என் துண்டும் சிவப்பு. மாட்டுக்காரன் எவனாவது வெள்ளைத் துண்டு போடுவானா?

சனிக்கிழமை காலை படகு கிளம்பிவிட்டது. வலைக் கயிறு மேட்டுக்கு வடக்கே கரையில் கிடந்தது, ஆட்கள் படகைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள், மேட்டின் தெற்குச் சரிவு அவர்களுக்கு மறைவு. மேட்டுக்காரர் மேட்டின் வடகோடியில், தோளில் துண்டோடு, கடலைப் பார்த்து நின்றிருந்தார். தெற்கே இரண்டு வெள்ளைக்காரர்களும் பலகை மேல் உட்கார்ந்து அலைக்காகக் காத்திருந்தார்கள். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் தெற்குச் சரிவில் ஏறினேன். துண்டு தோளில் இருந்தது. எடுக்கக் கூடாது என்று ஞாபகம் இருந்ததா என்று பின்னால் பல தடவை என்னை நானே கேட்டிருக்கிறேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது கடலில் ஒரு வரி எழும்பியது. அதுவரைக்கும் நான் பார்த்ததிலேயே பெரியது. நெட்டையன் திரும்பி என்னைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். கை தானாகத் துண்டை எடுத்தது. ஒரு தடவை ஆட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெற்கே, தெற்கே என்று இரண்டு கையாலும் வீசினேன், இடுப்பை வேறு ஆட்டினேன், தண்ணீரில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் சிரிக்கட்டும் என்று.

படகு தெற்கே வளைந்தது.

அதைப் பார்த்ததும் துண்டைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். மேட்டுக்காரர் வடகோடியிலிருந்து கத்தினார். அலைச் சத்தத்தில் படகுக்கு எதுவும் கேட்காது. தன் துண்டை எடுத்து வடக்கே, வடக்கே என்று வீசினார். அதற்குள் வலை பாதி இறங்கிவிட்டது. இறங்கிய வலையைத் திரும்ப ஏற்ற முடியாது. தெற்கே தண்ணீருக்கடியில் எந்தக் காலத்திலோ மூழ்கிய ஒரு தோணியின் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் தெரிந்த இடம். படகுக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் துணி காட்டினால் கேள்வி கேட்காமல் போவதுதான் அவர்கள் வழக்கம். மேட்டில் இருப்பவன் கண்ணை நம்பாமல் வலை போட முடியாது.

வலை கட்டையில் மாட்டியது. ஊரே சேர்ந்து இழுத்தது. வெள்ளைக்காரர்கள்கூட ஓடிவந்து கயிறு பிடித்தார்கள், இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். வலை நடுவில் கிழிந்து, பாதிதான் கரைக்கு வந்தது. மூன்று குடும்பங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து பின்னிய வலை. வடக்கே மேட்டுக்காரர் பார்த்துவைத்திருந்த கூட்டம் அப்படியே தாண்டிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஊர்த் தலைவர், படகுக்காரர்கள், ஆம்பளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் வெளியூர்க்காரன், கொஞ்சம் தள்ளி என் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

படகில் சுக்கான் பிடித்தவர் கற்பூரத்தின் மேல் கையை வைத்து, மேட்டில் சிவப்புத் துணி தெற்கே வீசியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். பொய் இல்லை. கடலிலிருந்து பார்த்தால் வடகோடியும் தெற்குச் சரிவும் ஒரே மேடுதான். மேட்டுக்காரர், நான் தெற்கே வீசவில்லை என்று மட்டும் சொன்னார்.

தலைவர் கேட்டார். “நீ வீசலன்னா வேற யாரு வீசினது?”

மேட்டுக்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வடகோடியிலிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். மீன் கூட்டம் கறுப்பதைப் பார்க்கிற கண்ணுக்கு நூறு அடியில் ஆடுகிற முட்டாள் தெரியாமலா போவான்? அவர் கோபமாகப் பார்க்கவில்லை. இப்போது சொல்லு, நீயாகச் சொல்லு என்று பார்த்தார். அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தார்.

வெள்ளைக்காரன் செய்திருப்பானோ என்று யாரோ கேட்டார்கள். இரண்டு பேரும் தண்ணீரில் இருந்ததை நாங்கள் பார்த்தோம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேறு எவனையும் அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. படகு கடலில் இருக்கும்போது ஒருவன் கரையில் துணி எடுப்பான் என்பது அந்தக் குப்பத்தில் எவன் புத்திக்கும் எட்டாது. பிறந்த குழந்தையைக்கூட அப்போது துணி போர்த்தி வெளியே கொண்டுவர மாட்டார்கள். வேறு எவனும் செய்யாததால் அவர்தான் செய்திருக்க வேண்டும். நியாயமான கணக்குதான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். சாட்சிக்குத்தான் கேட்டார், சந்தேகப்பட்டு இல்லை.

“ஏம்பா வண்டிக்காரரே, நீ கரையிலதான் இருந்த. மேட்ட பாத்தியா?”

சொல்ல வேண்டியது ஒரே வரி. நாக்கில் வந்தது. அதோடு சேர்ந்து மற்றதும் வந்தது. அடிப்பார்கள், கருவாட்டு லோடு போகும், திண்டிவனம் வரைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கவைக்கிறவனுக்கு, தன்னைப் பார்த்து மற்றவன் சிரிப்பது எவ்வளவு பயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

“நான் எங்கங்க மேட்ட பாத்தேன். அவுத்து உட்டுக்கினு நின்ன வெள்ளைக்காரன இல்ல பாத்துக்கினு இருந்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்கூடச் சிரித்தார். மூன்று குடும்பத்து வலை கிழிந்து கிடக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் எல்லாருக்கும் இளைப்பாறுதல். சிரித்து முடித்ததும் பேச்சு முடிந்துபோன மாதிரி ஆகிவிட்டது. யாரும் திரும்ப என்னைக் கேட்கவில்லை. மேட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பார்வையை என்மேலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்துத் தலைவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கண் மங்கிப்போச்சு பாவம் என்று ஒருவர் சொன்னார். அதுதான் தீர்ப்பு.

அன்று மத்தியானமே வெள்ளைக்காரர்களை வண்டியில் ஏற்றித் திண்டிவனத்தில் விட்டேன். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வார்த்தையும் இல்லை. ரயில் ஏறும்போது நெட்டையன் என் துண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டி, கட்டை விரலை உயர்த்தினான். தெற்கே இன்னும் நல்ல அலை இருக்கிறதாம். போனார்கள். அவர்கள் கணக்கில் எங்கள் ஊர் இரண்டு நாள் அலை. அவ்வளவுதான்.

மேட்டுக்காரர் ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். புது ஆளுக்குத் துண்டு கொடுத்தாகிவிட்டது. பிறகு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆவணி வாக்கில் மல்லாட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் மண்டிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். களத்தில் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து, நீளக் கழியால் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காக்காயும் இறங்கவில்லை. அது எங்கே இறங்கப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் களத்தைப் பார்த்தார்.

“அண்ணே” என்றேன்.

“மாட்ட தள்ளி கட்டுய்யா. மல்லாட்டைய மோந்துக்கினு இருக்குது.”

கட்டிவிட்டு வந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அவரே பேசினார், களத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீ துணி ஆட்டினது எனக்குப் பெருசு இல்ல. கை தவறும், எனக்கும் தவறியிருக்குது. தலைவரு கேட்டாரு பாரு, அப்ப வாய மூடிக்கினு நின்னிருந்தாக்கூட நான் ஏதோ பயந்துட்டான்னு உட்டிருப்பேன். சிரிக்க வச்ச இல்ல. என் பொழப்பு போற நேரத்துல ஊர சிரிக்க வச்ச இல்ல. அதுதான்யா.”

“நான் போயி தலைவர்கிட்ட சொல்லிடறேன் அண்ணே.”

“சொல்லு. எனக்காக சொல்லாத.”

 அவர் பெண்டாட்டி, அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்துவிட்டுப் போனாள். முன்பெல்லாம் கையில் கொடுப்பாள்.

விழுப்புரத்திலிருந்து திரும்பிய மறுநாளே குப்பத்துக்குப் போனேன். லோடு எதுவும் இல்லாமல், காலி வண்டியோடு. தலைவர் வீட்டு வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார், கூட நாலைந்து பேர். எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். சித்திரையில் வலை கிழிந்த அன்று தெற்குச் சரிவில் நின்று துண்டை வீசியது நான்தான், மேட்டுக்காரர் கண்ணில் எந்தக் குறையும் இல்லை, பஞ்சாயத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை என்றேன். துண்டை எடுத்து எப்படி வீசினேன் என்று காட்டினேன். அப்போது படகு கடலில் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டுதான் காட்டினேன்.

தலைவர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

“சத்தியமா சொல்றேங்க” என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். ஒருவர், இடுப்பையும் ஆட்டினாயா என்று கேட்டார். ஆட்டினேன் என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுவரைக்கும் நான் அந்த ஊரில் சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் இதுதான் நன்றாக எடுபட்டது.

சிரித்து ஓய்ந்ததும் தலைவர் முகம் மாறியது. என் தோளில் கை போட்டார். “நல்ல மனசுய்யா உனக்கு. சேத்தாளிக்காக பழிய தன்மேல போட்டுக்கறதுக்கு எவன் வருவான்? ஆனா வேணாம். நீ அப்படி செய்யற ஆளா? எங்க வழக்கம் எங்க புள்ளைங்கள விட உனக்குத் தெரியும். கண்ணு மங்கினவன திரும்ப மேட்டுல ஏத்த முடியாது. அவரு பாவந்தான், உடு.”

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதுகூடப் பார்த்தேன். அழுகை எனக்கு வராது, முகம் கோணிக்கொள்ளும். அதற்கும் ஒருவன் சிரித்தான். தலைவர் உள்ளே குரல் கொடுத்து எனக்கு டீ போடச் சொன்னார். நல்ல மனுஷன் என்று அந்தக் குப்பத்தில் எனக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கருவாட்டு லோடு வேறு வண்டிக்குப் போனதே இல்லை, எல்லாம் எனக்குத்தான்.

டீ வந்தது. வெல்லம் போட்ட டீ, விருந்தாளிக்குக் கொடுக்கிற பித்தளை டம்ளரில். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடித்தேன்.